குளிருக்கு முன்பணம்

மலேசியாவின் கடா மாநிலத்தில் இருக்கும் கோத்தா கோலா மூடாவில் மீனுக்கு விலை காதில்தான் சொல்லப்படுகிறது. மூடா ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் படகுகள் வந்து ஒதுங்கியதும், இறக்கிவைத்த மீனைச் சுற்றி வியாபாரிகள் நெருக்கியடித்து நிற்பார்கள். ஒவ்வொருவராக விற்பவர் பக்கம் சாய்ந்து, தோளில் கைபோட்டு, காதருகே ஒரு தொகையைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வார்கள். யார் எவ்வளவு கேட்டார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. விற்பவர் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு அதிகம் கேட்டவருக்குக் கொடுப்பார். மலாயில் பாசார் பீசிக் என்று பேர். ஐஸ்கட்டி உருகி ஓடும் தரையில் செருப்போடு நின்று அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே இப்போது வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது: டிசம்பர் பள்ளி விடுமுறையில் எல்லோருமாக ஆல்ப்ஸ் மலைக்குப் போவது, பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் கொஞ்சம் வசதியாகவே தங்குவது. அக்கா மகள் அனுப்பும் விடுதிப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனால், ஓர் அளவுக்கு மேலான அறைகளுக்கு விலையே போட்டிருக்காது. விசாரிக்கவும் என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். அங்கேயும் யாரோ யாருடைய காதிலோ சொல்லித்தான் விலை முடிகிறது போலிருக்கிறது. இந்தப் பயணத்தை நினைத்தால் மனதில் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. முதலில் அது பணக் கூச்சம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவனுக்கு ஐந்து நட்சத்திர அறை என்றால் தோளை யாரோ அழுத்துவதுபோல் இருப்பது இயல்புதானே. ஆனால் பணம் என்று வைத்துப் பார்த்தாலும் கணக்கு முழுதாக முடியவில்லை.

பணமும் சின்ன விஷயமில்லைதான். பெரிய சுவிஸ் மலையூர்களில் சறுக்குப் பாதைக்கான ஒரு நாள் சீட்டு மட்டும் விடுமுறைக் காலத்தில் நூறு பிராங்கை ஒட்டி வருகிறது. நம் வெள்ளியில் ஐந்நூறு. 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆக ஒரு நாள் மலையிலிருந்து வழுக்கி இறங்குவதற்கு, இங்கே ஒருவர் ஒரு வாரத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டும். சப்பாத்து, பலகை, தலைக்கவசம், கற்றுக்கொடுப்பவருக்குக் கூலி எல்லாம் தனி. அக்கா மகள் இதையெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டு, யாருக்கு என்ன அளவுச் சப்பாத்து என்பதுவரை எழுதி வைத்திருக்கிறாள். அவளுடைய தலைமுறைக்குத் திட்டமிடுவதே பாதி விடுமுறை. சுங்கை பட்டாணியில், வெளியே முப்பத்து மூன்று பாகை வெயில் அடிக்கும்போது, குளிர்சாதனத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு, உள்ளே போடும் கம்பளிச் சட்டையைப் போட்டுப் பார்ப்பதில் அவளுக்கு இருக்கும் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. கடவுச்சீட்டைப் பற்றி அவள் யோசிப்பதுகூட இல்லை. சிவப்பு அட்டை போட்ட மலேசியக் கடவுச்சீட்டோடு விசா இல்லாமலே தொண்ணூறு நாள் ஐரோப்பாவில் இருக்கலாம். அவளுடைய கொள்ளுத்தாத்தாவிடம் இருந்த சிவப்பு வேறு. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை அது. 1969க்குப் பிறகு அந்த அட்டைக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று ஆனபோது, ஆயிரக்கணக்கான தோட்டத்துச் சனங்கள் பினாங்கில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி நாகப்பட்டினம் போனார்கள். அவர்கள் போன பயணத்துக்கு யாரும் கட்டம் போட்டுத் திட்டம் தீட்டவில்லை.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பணத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ கேட்கவில்லை. பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். "தம்பி, அங்க விடியக்காலையில மொதமொதல்ல வெளிய வர்றது யாரு?" என்றார். பல்லில்லாத சிரிப்போடு கேட்டார், வம்புக்குக் கேட்கவில்லை. குளிரான இடம் என்றதும் அவருக்கு வேறென்ன ஞாபகம் வரும்? எனக்கு அந்தக் கேள்வி சிரிப்பில் முடிந்துபோகவில்லை.

பால்மரத்தை ஏன் இருட்டில் வெட்டுகிறார்கள் என்பதைச் சின்ன வயதில் நான் கேட்டதேயில்லை. ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு விடியுமுன் நிற்க வேண்டும், அதனால் எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் மரத்துக்குள் இருக்கிறது. இரவெல்லாம் வேர் இழுத்த தண்ணீரால் பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏறி இலைகள் நீரை விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் விழுந்துவிடும். பிறகு வெட்டினால் பால் கொஞ்சமாகக் கசிந்து சீக்கிரம் உறைந்து நின்றுவிடும். ஆகவே குளிர் இருக்கும்போதே வெட்டியாக வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவத்தி புகைய, பனியில் நனைந்த புல் முழங்கால்வரை சேலையை ஈரமாக்க, நிரை நிரையாகப் போய், நேற்றைய கோட்டில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, உளியை வைத்துச் சீவி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைத்து அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். சனவரி மாதத்தில் ஜெராய் மலையிலிருந்து இறங்கும் காற்றில் விரல் மரத்துப்போகும் என்று அத்தை சொல்வார். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இருபத்திரண்டு பாகை இருக்கும். அக்கா மகளின் விடுதியில் குளியலறைத் தரையே அதைவிடச் சூடாக இருக்கும். அந்தக் குளிர்தான் எங்களுக்குச் சோறு போட்டது என்று சொன்னால் கொஞ்சம் சினிமா வசனமாகத் தெரியலாம். தாவரவியல்படி அது நிஜம்.

சறுக்குப் பாதைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க அங்கேயும் இதே கணக்கு இருப்பது தெரிந்தது. மாலையில் கம்பிவண்டிகள் நின்று, விருந்தாளிகள் சூடான குளத்தில் இறங்கிய பிறகு, சங்கிலிச் சக்கரம் போட்ட கனத்த வண்டிகள் மலைமேல் ஏறுகின்றன. பகலெல்லாம் சறுக்கியவர்கள் கீழே தள்ளிவிட்ட பனியை மேலே வாரிக்கொண்டு போய்ப் போட்டு, உடைத்து, அழுத்தி, கோடுகோடாகச் சீவுகின்றன. மிகச் செங்குத்தான இடங்களில் வண்டியை மேலே ஒரு நங்கூரத்தில் இரும்புக் கயிற்றால் கட்டித்தான் இறக்குகிறார்கள். சீவிய பனி இறுகுவதற்குச் சில மணி நேரக் குளிர் வேண்டும். அதனால்தான் அந்த வேலையும் இருட்டில் நடக்கிறது. இயற்கையான பனி போதாத ஊர்களில் பீரங்கி மாதிரியான குழாய்கள் இரவு முழுக்கத் தண்ணீரைத் துளியாக்கி ஊதுகின்றன. காற்று உறைநிலைக்குக் கொஞ்சம் கீழே போனால்தான் அதுவும் நடக்கும். சுவிட்சர்லாந்தின் சறுக்குப் பாதைகளில் பாதிக்கு மேல் இப்படிச் செயற்கைப் பனி போட வசதி செய்யப்பட்டவை. இத்தாலியில் இன்னும் அதிகம். விடியும் நேரத்தில் இன்னொரு கூட்டம் வெடிமருந்தோடு போய், சரியக்கூடிய பனியை முன்கூட்டியே சரித்துவிட்டு வருகிறது. ஒன்பது மணிக்கு விருந்தாளி சன்னல் திரையை விலக்கும்போது மலை கன்னி கழியாமல் அங்கேயே கிடந்ததுபோல் தெரியும். அந்தத் தோற்றத்துக்குத்தான் காசு. அத்தையின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதை அவரிடம் போய்ச் சொல்லும்போது நாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? நாங்கள் காசு கட்டுவது குளிருக்குக்கூட இல்லையோ என்று தோன்றுகிறது. விடியலுக்கு முன்னால் எழுந்துபோகாமல் படுத்திருக்கும் உரிமைக்கு, அதுவும் நமக்காக யாரோ எழுந்துபோயிருக்கிறார்கள் என்ற நிம்மதியோடு படுத்திருப்பதற்கு. இது குற்றவுணர்ச்சி என்று அக்கா மகள் சொல்கிறாள். அந்தச் சொல் எனக்குப் பொருந்தவில்லை. குற்றம் என்றால் மன்னிப்பு என்று ஒன்று இருக்கும். இது இடம் மாறி உட்கார்ந்தவனின் குழப்பம்.

ஆல்ப்ஸ்காரர்களும் நெடுங்காலம் எழுந்துபோகிறவர்களின் பக்கத்தில்தான் இருந்தார்கள் என்பதை அந்த விடுதிப் பக்கங்கள் சொல்வதில்லை. டிரோல், போரால்பெர்க், கிராவுபுண்டன் பகுதிகளின் மலைக்குடும்பங்கள், சோறு போட முடியாமல், ஆறேழு வயதுப் பிள்ளைகளைக்கூட மார்ச் மாதத்தில் பனி கிடக்கும் கணவாய்கள் வழியாக நடத்தியே தெற்கு ஜெர்மனிக்கு அனுப்பின. ராவென்ஸ்பர்க் போன்ற ஊர்களில் சந்தை கூடும். பண்ணைக்காரர்கள் வந்து, பிள்ளைகளைப் பார்த்து, பேரம் பேசிக் கூட்டிப்போய், இலையுதிர் காலம்வரை மாடு மேய்க்க வைப்பார்கள். ஸ்வாபியப் பிள்ளைகள் என்று அவர்களுக்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இது நடந்தது. எங்கள் பக்கத்துக்கு ஆள்பிடித்து வந்த கங்காணிகளின் காலமும் கிட்டத்தட்ட அதுதான். அதே கிராவுபுண்டனில்தான் செயின்ட் மோரிட்ஸ் இருக்கிறது. அங்கே யோகானஸ் பாட்ருட் என்ற விடுதிக்காரர், 1864இல், கோடையில் வந்திருந்த ஆங்கிலேய விருந்தாளிகளிடம் பந்தயம் கட்டினார் என்று கதை: குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் வழிச்செலவு என்னுடையது. அவர்கள் கிறிஸ்துமஸ் சமயம் வந்து ஈஸ்டர்வரை இருந்துவிட்டு முகம் கறுத்துத் திரும்பினார்களாம். கதையில் எவ்வளவு உண்மையோ, விடுதிக்காரர்கள் கதை அல்லவா. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது உண்மை. மனிதர்களை மலையைவிட்டு விரட்டிய பருவத்தையே மலையூர்கள் விற்கப் பழகின. 1928இல் அதே செயின்ட் மோரிட்ஸில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது.

எங்களுக்கும் ஒரு வறட்டுப் பருவம் உண்டு. கடாவில் வருடத் தொடக்கத்து வறட்சியில் பால்மரங்கள் சிவந்து, பழுத்து, ஒன்றுமில்லாமல் கொட்டிப்போகும். காடு முழுக்க வெளிச்சம் வந்துவிடும். நடந்தால் காலடியில் சருகு நொறுங்குகிற சத்தம் அடுத்த தீம்பார்வரை கேட்கும். எங்கேயாவது ஒரு பீடித்துண்டு விழுந்தால் தீ ஓடும். புதுத் துளிர் வந்து முற்றும்வரை பால் குறைந்துபோகும், பாலை நிறுத்துக் கூலி வாங்குகிறவர்களின் சம்பளமும் குறைந்துபோகும். தைப்பூசத்துக்கு வாங்கிய கடன் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும் என்று அத்தை சொல்வார். இப்போது பெரும்பாலான தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டது, அதற்கு இலையுதிர்வு கிடையாது. மீதமிருக்கும் பால்மரக் காடுகளுக்குச் சிவந்த பருவத்தில் இளைஞர்கள் மோட்டாரில் வந்து படம் எடுத்து, கொரியா மாதிரி இருக்கிறது என்று போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அத்தையிடம் ஒரு படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, இந்த நிரையில் பட்டையை ஆழமாக வெட்டிக் காயப்படுத்தியிருக்கிறான், மரம் வீணாய்ப்போச்சு என்றார். பாட்ருட் மாதிரி ஓர் ஆள் எங்கள் பக்கம் பிறந்திருந்தால் அந்தச் சருகுக்காலத்தையும் விற்றிருப்பானோ? விற்றிருந்தால் எங்களுக்கு என்ன வேலை கிடைத்திருக்கும் என்று யோசித்தால் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. சருகு கூட்டுவதுதான்.

குளிரை ஓர் அனுபவமாக விரும்புவதை நாங்கள் யாரிடமிருந்து கற்றோம் என்பது அடுத்த உறுத்தல். துரைமாரிடமிருந்து என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பினாங்கு மலையில் 1923இல் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன் வெள்ளைக்காரர்கள் டோலியில் தூக்கிச் செல்லப்பட்டார்கள். கோலா மூடா கரையிலிருந்து பார்த்தால் நெல்வயல்களுக்கு அந்தப் பக்கம் 1,217 மீட்டருக்கு எழும்பி நிற்கும் ஜெராயின்மேலும் இப்போது தங்குமிடம் இருக்கிறது. அந்த மலையைக் குறிவைத்துத்தான் ஒரு காலத்தில் சோழநாட்டுக் கப்பல்கள் கடாரத்துக்கு வந்தன. இன்று அதன்மேல் ஏறிச் சுவெட்டர் போட்டுக்கொண்டு கோப்பி குடிக்கிறோம். ஆனால் துரைமாரைக் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்ள நெடுநல்வாடை விடுவதில்லை. நக்கீரர் அந்தப் பாட்டில் குளிரை முதலில் இடையர்கள்மேல் இறக்குகிறார். வெள்ளத்தால் மேட்டுநிலத்துக்கு மந்தையை ஓட்டிக்கொண்டு போய், கொள்ளிக்கட்டையில் கைகாய்ந்து, தாடை நடுங்க நிற்கிறார்கள். அப்புறம் ஊருக்குள் வந்து, மாடங்களின் கதவை அடைத்து, தூபம் போட்டு, பிறகு அரசியின் தந்தக் கட்டில்வரை போய்விடுகிறார். ஒரே வாடைக்காற்றுத்தான் அடிக்கிறது. பாட்டின் பெருமை முழுக்க அரண்மனைப் பகுதியில் இருப்பதாகத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இடையர்களை அடுத்த வரியிலேயே விட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்கு இப்போது நக்கீரர்மேல் கோபம் வருகிறது. அவர் அவர்களை முதலில் வைத்திருக்கிறார் என்பதும் கூடவே தெரிகிறது.

அக்கா மகளின் திட்டத்தில் யுங்ஃபிராவ்யோக் இருக்கிறது. 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம், உள்ளே இந்தியச் சாப்பாட்டுக்கடை. 1896இல் தொடங்கி 1912வரை மலையின் வயிற்றைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த கூலிகள். வெடிவிபத்தில் செத்தவர்கள் உண்டு, வேலைநிறுத்தம் செய்து தோற்றவர்களும் உண்டு. ரயிலில் போகிறவர்களுக்குச் சுரங்கத்தின் இருட்டுதான் தெரியும். ஆல்ப்ஸுக்குத் தமிழர்கள் போவதும் புதிதில்லை. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிப் போனவர்களில் பலருக்கு சுவிட்சர்லாந்தில் முதலில் கிடைத்த இடம் விடுதிகளின் சமையலறை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கிச் சமையல்காரர்களாக ஆனவர்கள் ஏராளம். இன்று அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைகளில் இருக்கிறார்கள், பெர்ன் நகரின் பல்சமய இல்லத்தில் 2014 முதல் அவர்களுடைய சிவன் கோயிலும் இருக்கிறது. ஆனால் நாங்கள் தங்கப்போகிற விடுதியில் தட்டை எடுத்துப்போகிற கை ஒரு தமிழ்க் கையாக இருந்து, அவர் எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் என்ன பேசுவது? எந்த ஊர் என்று கேட்பார். கடா என்றால் தெரியாது. தோட்டம் என்றால் ஹட்டனா, நுவரெலியாவா என்பார். அந்த உரையாடலை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கையில் எனக்கு வருவது கூச்சம். அவருக்கு அப்படி எதுவும் இருக்காது, அன்பளிப்பு நன்றாகக் கிடைத்தால் சந்தோஷப்படுவார், அவ்வளவுதான் என்றும் தோன்றுகிறது. அவரை வைத்து நான் வருத்தப்படுவதுகூட ஒரு சொகுசுதானோ.

டிசம்பர் 26ஆம் தேதி அங்கே நாங்கள் முதல்முறையாகப் பலகையில் ஏறி நிற்போம் என்று திட்டம் சொல்கிறது. 2004இல் அதே நாள் மத்தியானம் கோத்தா கோலா மூடாவுக்குள் கடல் வந்தது. மலேசியாவில் 68 பேர் போனார்கள். கடா மாநிலத்தில் மிக மோசமாக அடிபட்டது இந்த ஊர்தான். உடைந்த படகுகளைக் குவித்து நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். அதே அலை வடக்கே தாய்லாந்தின் காவோ லாக் கரையில் அடித்தபோது அங்கே நிறைந்திருந்தவர்கள் வடக்கு ஐரோப்பியர்கள், தங்கள் ஊர்க் குளிரையும் நான்கு மணிக்கே வந்துவிடும் இருட்டையும் விட்டுத் தப்பி வந்தவர்கள். சுவீடன்காரர்கள் மட்டும் 543 பேர் இறந்தார்கள். இதிலிருந்து நான் பாடம் எதையும் எடுக்கவில்லை, எடுப்பது மரியாதையும் இல்லை. குளிரை உடையவர்கள் அதைவிட்டு ஓடி வருகிற அதே வாரத்தில் நாம் அதை நோக்கி ஓடுகிறோம் என்பது மட்டும் திட்டத்தின் அந்தத் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

ஆல்ப்ஸ் வேண்டாம், ஜப்பானுக்குப் போகலாம், பாதி செலவு என்று மச்சான் ஒரு யோசனை சொன்னார். ஹொக்கைடோவின் நிசேகோ வில்லேஜை 2010இல் வாங்கியது நம் ஊர் ஒய்டிஎல் நிறுவனம். பனிமலைக்குச் சொந்தக்காரர் மலேசியர் என்றால் நம் வீட்டுக்குப் போகிற மாதிரிதானே என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு புக்கிட் சீடிம் ஞாபகம் வந்தது. தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து முதலில் வாங்கிய தோட்டம் கடாவிலிருந்த அதுதான். பால் வெட்டினவர்கள் மரத்துக்கு உடைமைக்காரர்கள் ஆனார்கள், காகிதத்தில் என்றாலும். உடைமைக்காரர்கள் ஆன பிறகும் விடியுமுன் அவர்களேதான் எழுந்துபோனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மச்சானின் யோசனை எடுபடவில்லை. ஆல்ப்ஸ் விடுதிக்கு முன்பணம் கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். கடைசிப் பக்கத்தில், கூடுதல் அனுபவங்கள் என்ற தலைப்பின் கீழ், ஒரு வரி இருந்தது: இரவில் பனி சீவும் வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து மலைமேல் போய்வரலாம். பல ஊர்களில் இதை விற்கிறார்களாம். விடியுமுன் எழுந்து அந்த வண்டி இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நான் ரகசியமாக வைத்திருந்த ஆசைக்கு ஏற்கெனவே சீட்டு அடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் நாட்டிலும்தான் சுற்றுலாக்காரர்களுக்குப் பால்மரம் வெட்டிக் காட்டுகிறார்கள், பசியாறி முடித்து அவர்கள் வந்து சேரும் பத்து மணிக்கு, நல்ல வெயிலில், பால் வராத நேரத்தில். அத்தையிடம் இந்தச் சவாரியைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். தொகையைச் சொன்னதும், அதில் ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்றார். முன்பணம் அனுப்பும்போது அதையும் எழுதிக் கேட்டுவிடு என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன். இப்படியெல்லாம் கேட்டால் அறையே தரமாட்டார்கள் மாமா என்கிறாள்.